புரோட்டான் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: நான் படுத்திருந்த 37 நாட்கள்

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சையை எல்லோரும் 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். நான் பிடித்தது அதன் ஒன்றுவிட்ட தம்பியை. மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் எனக்குக் கோர்டோமா என்ற கட்டி. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து எடுக்கக்கூடியதை எடுத்தார்கள். மிச்சத்துக்கு புரோட்டான் நல்லது என்றார் டொக்டர், எக்ஸ்ரேக்குப் பதிலாக புரோட்டான் என்ற அணுத்துகள்களைக் கட்டிக்குள் அனுப்புகிற சிகிச்சை. இலங்கையில் அந்த இயந்திரம் இல்லை. எங்களுக்குக் கிட்ட இருப்பது சென்னை தரமணியில் 2019இல் திறந்த அப்பல்லோ நிலையம். வெள்ளவத்தையில் இருந்து கட்டுநாயக்க போகிற நேரமும் அங்கிருந்து சென்னைக்குப் பறக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இது எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு மஹரகமவில் இலவசமாகக் கிடைக்கிற எக்ஸ்ரே கதிரே போதும். மூளை, கண், முதுகுத்தண்டு போன்ற இடங்களை ஒட்டிய கட்டிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும்தான் புரோட்டானை முக்கியமாக யோசிப்பார்கள். ஆகவே வீட்டை விற்கிற கதைக்கு முன்னால், "என் விஷயத்தில் இதனால் என்ன கூடுதல் லாபம்?" என்று உங்கள் வைத்தியரிடம் நேரே கேளுங்கள்.

வித்தியாசத்தை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். எக்ஸ்ரே கதிர் 100ஆம் நம்பர் பஸ் மாதிரி. கோட்டையில் ஏறி, வெள்ளவத்தையில் வேலை இருந்தாலும் பாணந்துறை வரை போகும், வழி முழுக்க எதையாவது இறக்கிக்கொண்டே போகும். புரோட்டான் வெள்ளவத்தையில் இறங்கிவிடும், சுமையில் பெரும்பங்கையும் அங்கேதான் போடும். ஒளியின் வேகத்தில் சுமார் 60 வீதம் வரையான வேகத்தில் வருகிற துகள், எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். அந்தக் கணக்கு உங்கள் இன்றைய உடம்பை வைத்துப் போட்டது. நீங்கள் மெலிந்தால் பஸ் ஹோல்ற் தள்ளிப்போகும். இதை மனதில் வைத்திருங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

கொழும்பிலேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. ஸ்கேன்களின் பிலிம் போதாது, மூலப் படங்கள் உள்ள இறுவட்டு வேண்டும். ஒரு இடத்தில் எனக்கு பிலிமை மட்டும் தந்துவிட்டு, இறுவட்டுக்குப் பன்னிரண்டு நாள் அலைய வைத்தார்கள். ஸ்கேன் எடுக்கிற அன்றே கேட்டு வாங்குங்கள். பயொப்சி அறிக்கையோடு, கட்டியின் திசு வைத்த கண்ணாடித் தகடுகளையும் கேளுங்கள். தலை, கழுத்தில் சிகிச்சை என்றால் பல் டொக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறுவது கஷ்டம். விசா சுற்றுலாவுக்கானது சரிவராது. வைத்தியசாலைக் கடிதத்தோடு மருத்துவ விசா எடுக்க வேண்டும், கூட வருகிறவருக்கும் தனி விசா உண்டு. செலவைக் கேட்கும்போது, இடையில் திரும்ப ஸ்கேன் எடுத்தால் அதுவும் சேர்த்தியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வாடகையை மறக்க வேண்டாம், ஏறக்குறைய இரண்டரை மாதம்.

போனதும் சிகிச்சை தொடங்காது. முதலில் முகமூடி. சுடுநீரில் இளகவைத்த ஒரு பிளாஸ்டிக் வலையை ஈரத்துணி மாதிரி முகத்தில் விரித்து அழுத்துவார்கள். சில நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு நன்றாக விடலாம். கண்ணைத் திறந்தால்தான் பயம் வரும், ஆகவே மூடியபடியே இருங்கள். அதோடு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள். பிறகு திட்டம் போட ஒன்றரை வாரம் காத்திருந்தோம்.

எனக்கு 37 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை. மேசையில் படுத்ததும் முகமூடியை மேசையோடு பூட்டுவார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, மேசையை மில்லிமீற்றர் கணக்கில் நகர்த்துவார்கள். பிறகு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கமெராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், கையில் ஒரு பொத்தானும் தருவார்கள். ஒரே இயந்திரத்தில் இருந்துதான் பல அறைகளுக்குக் கதிர் போகிறது, ஆகவே மற்ற அறை முடியும் வரை சிலவேளை முகமூடியோடு காத்திருக்க வேண்டிவரும். நான் கதிரேசன் கோவிலில் பாடுகிற தேவாரங்களை வரிசையாக மனதுக்குள் சொல்வேன். கதிர் படுகிற நேரம் ஒவ்வொரு கோணத்துக்கும் ஓரிரு நிமிடம். வலி, சூடு ஒன்றும் இல்லை. எனக்குக் குளோரின் மாதிரி ஒரு மணம் வந்தது. சிலருக்கு நீல வெளிச்சம் தெரியுமாம். தலையில் கதிர் படும்போது அப்படி வரும் என்றார்கள். முழுதாக அரை மணி, முக்கால் மணி. சின்னப் பிள்ளைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு நாளும் மயக்க மருந்து, அதற்குக் காலையில் பட்டினி. அந்தத் தாய்மாரைப் பார்த்தபின் நான் முறையிடுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரத்தில் களைப்பு தொடங்கியது. கதிர் நுழைகிற இடத்தில் தோல் சிவந்து, காதுக்குப் பின்னால் ஒரு வட்டம் முடி கொட்டியது. தொண்டை எரிந்தது, நாக்கில் ருசி போனது. இங்கேதான் சாப்பாடு சிகிச்சையின் பாதி. மனைவி இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, முட்டையை அவித்து மசித்துத் தருவாள். வாராவாரம் நிறை பார்ப்பார்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான்காம் வாரம் மூன்று கிலோ குறைந்திருந்தேன். திரும்ப சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்தினார்கள். தடிமன் பிடித்தாலும் சொல்லுங்கள். மூக்கறைகளில் சளி நிரம்பினால்கூடப் புரோட்டான் நிற்கிற ஆழம் மாறும். முடி வெட்டுவது, தாடி வளர்ப்பது எல்லாம் கேட்டுவிட்டுத்தான். முகமூடி இறுக்கம் மாறிவிடும்.

ஊருக்கு வந்ததும் மாமி எனக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார். தேவையில்லை. உங்களால் மற்றவருக்குக் கதிர் படாது, பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம்.

மூன்று மாதம் கழித்து எம்ஆர்ஐ. பிறகும் ஹோர்மோன் இரத்தப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் வருடக்கணக்காகத் தொடரும், விடாதீர்கள். முதல் அறிக்கையில் கட்டி மறைந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். 'மாற்றமில்லை' என்று இருந்தது. முகம் வாடியதைப் பார்த்து டொக்டர் சிரித்தார். கோர்டோமா மெதுவாகத்தான் சுருங்கும், வளராமல் நின்றதே இப்போதைக்கு நல்ல செய்தி என்றார்.