பல்பின் மின்தடையை ஓம் மீட்டரில் பார்க்காதீர்கள், கணக்குப் போடுங்கள்

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன். முதலாவது ஓம் 1827-இல் எழுதி வைத்தது, இரண்டையும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஆனால் கையில் மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் விடை ஏன் கோணலாக வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். 230 வோல்ட்டில் கைவைக்க வேண்டாம். பைக் இன்டிகேட்டர் பல்ப் ஒன்று (12 வோல்ட், 10 வாட்), பைக் பேட்டரி, 5 ஆம்பியர் ஃபியூஸ், கொஞ்சம் ஒயர், ஒரு மல்டிமீட்டர், இவ்வளவு போதும்.

முதலில் கரண்ட்

மீட்டரை பல்போடு தொடரில் போட வேண்டும், அதாவது பேட்டரி பிளஸ், ஃபியூஸ், மீட்டர், பல்ப், பேட்டரி மைனஸ் என்று ஒரே வழியாக வர வேண்டும். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மில்லி ஆம்பியர் துளையில் வைத்து ஆரம்பித்தால் பல்ப் எரிவதற்கு முன்னால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளந்து முடித்ததும் அடுத்த வேலை எதுவானாலும் சரி, முதலில் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது மீட்டர் வெறும் ஒயர் மாதிரிதான். அதே நிலையில் 'வோல்டேஜ் பார்க்கலாம்' என்று பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் நேரடி ஷார்ட். மலிவான மஞ்சள் மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் 'அன்ஃபியூஸ்டு' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதாவது உள்ளே காப்பாற்ற ஃபியூஸ் கிடையாது. தொடங்குபவர்களுக்கு ஃபியூஸ் உள்ள மீட்டர்தான் நல்லது, கூடுதல் விலை கொடுத்தாலும் பரவாயில்லை. முதலைக் கிளிப் ஒயரும் வாங்கிக்கொள்ளுங்கள், கூர்முனையை விரலால் பிடித்துக்கொண்டு கணக்கு எழுத முடியாது.

அப்புறம் வோல்டேஜ்

மீட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒயரை இணைத்து, பல்ப் எரியும்போது பல்பின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் பார்க்காதீர்கள். மெல்லிய ஒயரும் தளர்ந்த ஹோல்டரும் நடுவில் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றுவிடும்.

கரண்ட் 0.85 ஆம்பியர், வோல்டேஜ் 12.4 என்று வைத்துக்கொள்வோம்.

மின்தடை = 12.4 ÷ 0.85 = 14.6 ஓம்
திறன் = 12.4 × 0.85 = 10.5 வாட்

மீட்டர் 850 மில்லி ஆம்பியர் என்று காட்டினால் 1000-ஆல் வகுத்த பிறகே கணக்கில் போடுங்கள். ஆட்டோ ரேஞ்ச் மீட்டரில் அந்த 'மில்லி' திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எழுத்தாக ஒளிந்திருக்கும், அதனாலேயே கற்றுக்கொள்ளும்போது கையால் ரேஞ்ச் மாற்றும் மீட்டர்தான் எனக்குப் பிடிக்கும்.

இப்போது ஓம் மீட்டர் கதை

பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். 1.5 ஓம் போலக் காட்டும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் ஒயருக்கே 0.3 வரும், அதைக் கழித்தால் 1.2 ஓம். இதை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் (வோல்ட்டின் வர்க்கம் ÷ ஓம்) 128 வாட்! பத்து வாட் பல்பு!

மீட்டரில் குறையில்லை, சூத்திரத்திலும் இல்லை. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் காயும்போது அதன் மின்தடை குளிர்ந்த நிலையைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு ஏறிவிடும். ஓம் மீட்டர் பார்ப்பது குளிர்ந்த இழையை, நமக்கு வேண்டியது எரியும் இழை. எரியும்போது அளந்த வோல்ட்டும் ஆம்பியரும்தான் உண்மை சொல்லும்.

எல்லாப் பொருளும் இப்படியில்லை. அயர்ன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம், சூட்டில் அதன் மின்தடை பெரிதாக மாறாது. 230 வோல்ட், 1000 வாட் அயர்ன் என்றால் 4.35 ஆம்பியர், சுமார் 53 ஓம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு பின்களில் ஓம் மீட்டரை வைத்தாலே கிட்டத்தட்ட இதே எண் வரும் (நாப் 'ஆஃப்'-இல் இருந்தால் எதுவுமே காட்டாது, திருப்பிவிட்டுப் பாருங்கள்). வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் அதே அயர்ன் 756 வாட்தான் தரும், சாயங்காலத்தில் துணி சுருக்கம் போக மாட்டேன் என்கிறதென்றால் இதுதான் காரணமாக இருக்கலாம்.

சேர்த்தது: பேட்டரி இல்லாமல் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரில் கொடுத்தால் பல்ப் மினுக்கி மினுக்கி அணைகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மேலே பார்த்த அதே 1.2 ஓம்தான் காரணம். குளிர்ந்த இழை முதல் கணத்தில் 10 ஆம்பியர் வரை கேட்கும், சின்ன அடாப்டர் பயந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் பெரிய அடாப்டராகப் போடுங்கள், அல்லது பேட்டரிக்கே வாருங்கள்.

இன்னொன்று: இதே பெருக்கலை வீட்டு எல்இடி பல்புக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட்டில் (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டும் கரண்ட்டும் ஒன்றாக ஏறி இறங்காத பொருட்களில் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும், மலிவான 9 வாட் பல்பில் பெருக்கினால் 9-ஐவிட நிறையவே அதிகமாக வரலாம். வீட்டு ஈபி மீட்டர் யூனிட் எண்ணுவது உண்மையான வாட்டை வைத்துத்தான், அதனால் அதற்கெல்லாம் சாக்கெட்டில் செருகும் வாட் மீட்டரை வாங்கிவிடுங்கள்.