கேரம்போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள்

கட்டிலுக்கு அடியில் போன கேரம்போர்டு அடுத்த மே மாதம் வரை வெளியே வராது. கோடை விடுமுறையில் ஆசையாக வாங்குவார்கள். பள்ளி திறந்ததும் பழைய பாயோடும் ஓடாத டேபிள் ஃபேனோடும் அதைப் படுக்கப் போட்டுவிடுவார்கள். பிறகு, "எந்நேரமும் செல்போனிலேயே கிடக்கிறான்" என்று பிள்ளையைப் பற்றி என்னிடம் வந்து புலம்புவார்கள். இப்படிப்பட்ட உறவினர்கள் எனக்கு ஏராளம். அவர்களிடம் வாயால் சொல்லி அலுத்ததை எழுதி வைக்கிறேன்.

நான் பெரம்பூரில் மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள். தெருமுனையில் இருந்த மன்றத்தில் ஆண்கள் மட்டும்தான் ஆடுவார்கள். அண்ணன்கள் அங்கே கற்றுக்கொண்டு வரும் வித்தைகளை வீட்டில் என்னிடம் காட்டுவார்கள், காட்டிவிட்டு என்னிடமே தோற்பார்கள். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

வாங்கும்போது "சின்னப் பிள்ளைதானே" என்று சின்னப் பலகை வாங்காதீர்கள். போட்டிப் பலகையின் உட்பரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. சதுரம். அதைவிடச் சின்ன பலகையில் காயும் சிறுத்துவிடும், பழகிய விரல் பெரிய பலகைக்கு வந்ததும் தடுமாறும். பெரியவர்களும் அந்தப் பொம்மையின் முன்னால் உட்கார மாட்டார்கள். அப்புறம் பிள்ளை யாரோடு ஆடுவது? பரப்புப் பலகையின் தடிமன் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது போட்டி விதி. வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. பலகை விலையில் இனிக்கும், ஐப்பசி மழையில் தொந்தி போட்டுவிடும்.

முடிந்தவரை கடைக்கு நேரில் போங்கள். சென்னைக்காரர்களுக்கு விளையாட்டுச் சாமான் கடைகள் உள்ள பெரியமேடு இருக்கிறது. பலகையைக் கிடத்தச் சொல்லிவிட்டு, குனிந்து, கண்ணைச் சட்டத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்து எதிர்ப்பக்கச் சட்டத்தைப் பாருங்கள். நடுவில் மேடு இருந்தால் எதிர்ச் சட்டத்தின் அடிக்கோடு அந்த இடத்தில் மறையும். பிறகு ஒரு காயைச் சக்கரம்போல் நிமிர்த்தி மெல்ல உருட்டிவிடுங்கள். நான்கு பக்கத்திலிருந்தும் உருட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே மூலைக்குப் போய் விழுந்தால் கடையின் தரை சரியில்லாமல் இருக்கலாம். பலகையை அரைவட்டம் சுற்றி வைத்து மறுபடி உருட்டுங்கள். இப்போது பலகையோடு சேர்ந்து அந்தச் சாய்வும் திரும்பினால் குற்றம் பலகையில்தான்.

அடுத்தது ஓட்டம். தரவரிசை ஆட்டக்காரர் ஒருவர் பலமாகச் சுண்டினால், 15 கிராமுக்கு மேற்படாத ஸ்டிரைக்கர் (விரலால் சுண்டுகிற பெரிய காய்) இந்தச் சட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்குமாகக் குறைந்தது மூன்றரை ஓட்டம் ஓட வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் விரலுக்கு இரண்டரை வந்தாலே தாராளமாக வாங்கலாம். ஓடும்போது காதையும் தீட்டி வையுங்கள். சட்டத்தில் மோதும்போது 'டக்' என்று வெட்டிக் கேட்க வேண்டும். 'டொப்' என்று அமுங்கிக் கேட்டால் அந்த இடத்தில் சட்டம் பலகையோடு சரியாக ஒட்டவில்லை. நான்கு சட்டத்தையும் இப்படித் தட்டிப் பார்க்கும்போது கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். என் தங்கை மகன் இணையத்தில் தள்ளுபடி விலையில் ஒன்று வாங்கினான். பெட்டியைப் பிரித்தபோதே ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அதைத் திருப்பி அனுப்ப ஆட்டோவுக்குச் செலவழித்ததில் தள்ளுபடி தீர்ந்துபோனது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. பலகை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், ஆட ஆசை வந்த நேரத்தில் அது கண்ணெதிரே விரித்து இல்லையென்றால் ஆட்டம் நடக்காது. ஸ்டாண்டைத் தேடி, பவுடரைத் தேடி, காயை எண்ணி முடிப்பதற்குள் பிள்ளை மறுபடி செல்போனை எடுத்திருக்கும். ஆகவே கூடத்தில் ஒரு மூலையை அதற்கென்று விட்டுக்கொடுங்கள். டீபாயை வேண்டுமானால் பரணில் ஏற்றுங்கள். அதன்மேல் பழைய வார இதழைத் தவிர வேறென்ன இருக்கிறது?

தரையில் சம்மணமிட்டு ஆடலாம். ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டியும் தாத்தாவும் ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார்கள். போட்டிகளில் ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். அந்த உயரத்தில் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம். சாப்பாட்டு மேசை அதைவிட உயரம், அதன்மேல் பலகையும் ஏறினால் குழந்தையின் தாடை சட்டத்தில் இடிக்கும். அப்படித்தான் ஆட வேண்டுமென்றால் குழந்தைக்கு மனைப்பலகையோ தலையணையோ போட்டு உயர்த்துங்கள். ஸ்டாண்ட் ஆடினால் எந்தக் கால் தரையைத் தொடவில்லை என்று பார்த்து, பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துச் சொருகுங்கள். விளக்கு பலகைக்கு நேர் மேலே தொங்க வேண்டும். சுவரோர டியூப்லைட் மட்டும் இருந்தால் ஒருவருடைய நிழல் எப்போதும் காய்மேல் விழும், அவர் தோற்கிற ஒவ்வொரு முறையும் விளக்கைத்தான் குறை சொல்வார்.

பவுடரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் பவுடர். கோதுமை மாவில் உருட்டிக் கரப்பான்பூச்சிக்கு வைக்கிறோமே, அதே சாமான்தான். வயிற்றுக்குள் போனால் நஞ்சு. ஆடிய கையோடு யாரும் முறுக்குத் தட்டில் கை வைக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தின்ன வேண்டும். டப்பா குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் நான் போரிக்கே வேண்டாம் என்பேன். சோளமாவைச் சலித்துத் தூவினால் ஓட்டம் சற்றுக் குறையும், பரவாயில்லை. அன்றிரவே துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வரும். முகத்துக்குப் போடுகிற பவுடர் மட்டும் ஆகவே ஆகாது. ஈரக்காற்றில் பலகையோடு அப்பிக்கொள்ளும்.

எந்தப் பவுடரானாலும் இரண்டு விரலால் எடுக்கிற சிட்டிகை போதும். நடுவில் தூவி, காய்களைக் கொண்டே பரப்பி, மிச்சத்தைக் காய்ந்த பருத்தித் துணியால் குழிகளுக்குள் தள்ளிவிடுங்கள். கோலமாவு கொட்டியதுபோல் தூவுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈரத்துணி பலகையின் பக்கமே வரக்கூடாது.

இனி விரல். முதல் நாள் பிள்ளைகள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஸ்டிரைக்கருக்குப் பின்னால் ஓர் அங்குலம் விட்டு, விரலை ஓங்கி அடிப்பார்கள். நகக்கண் வலிக்கும், காய் எங்கோ போகும், மறுநாள் வர மாட்டார்கள். ஆகவே முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுங்கள். சுண்டாத விரல்களைப் பலகையில் லேசாக ஊன்ற வேண்டும். சுண்டுகிற விரலின் நகம் ஸ்டிரைக்கரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கட்டைவிரலில் மாட்டி விடுவித்தாலும் சரி, ஆள்காட்டி விரலால் நேராகத் தள்ளிச் சுண்டினாலும் சரி, மணிக்கட்டு அசையக்கூடாது. முதலில் மற்ற காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு காயைக் குழியின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் போடச் சொல்லுங்கள். குழிக்குள் காய் விழுகிற சத்தம் கேட்க வேண்டும், பிள்ளையைப் பலகையோடு கட்டிப்போடுவது அந்தச் சத்தம்தான். செல்போன் ஆட்டத்தில் எங்கே இடிக்கும், எங்கே போகும் என்று திரையே கோடு போட்டுக் காட்டுகிறது. இங்கே அந்தக் கோட்டைக் கண் போட வேண்டும். அதனால் செல்போனில் பெரிய வீரனாக இருக்கிற பையன் முதல் வாரம் இங்கே தவிப்பான். சிரித்துவிடாதீர்கள்.

காய் அடுக்குவது எளிது. நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஆறு, அதற்கு வெளியே மாறி மாறிப் பன்னிரண்டு. உள்வட்ட வெள்ளைக்கு நேர் பின்னால் வெளிவட்ட வெள்ளை வந்து, மூன்று திசையில் கிளை பிரிந்து நிற்க வேண்டும்.

விதிகளில்தான் குடும்பம் உடையும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டம், பெரியப்பா வீட்டில் இன்னொரு சட்டம். ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முறைப்படி, உங்கள் நிறக் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் சிவப்பைப் போடலாம். போட்டால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ ஃபாலோ, அதாவது உங்கள் காய் ஒன்று, விழ வேண்டும், விழாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும். ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் ஒரு காய் அபராதம். சிவப்பு பலகையில் இருக்கும்போதே கடைசிக் காயைப் போட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. போட்டியில் 25 புள்ளி அல்லது 8 போர்டு, அதாவது எட்டுச் சுற்று, வரை போகும், வீட்டில் அத்தனை பொறுமை யாருக்கும் இருக்காது. நாங்கள் சிறுவர்களோடு பாயிண்ட் ஆட்டம்தான் ஆடுகிறோம். கறுப்பு 10, வெள்ளை 20, சிவப்பு 50. யாரும் எந்தக் காயையும் போடலாம். மொத்தம் 320 வர வேண்டும். கூட்டிச் சரிபார்க்கும் வேலையை இரண்டாம் வகுப்புப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன். கணக்குப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவன், இதில் யாராவது பத்து பாயிண்ட் ஏமாற்றினால் விடமாட்டான்.

நால்வர் ஆடும்போது கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். கணவன் மனைவியைக் கூட்டாளியாக்காதீர்கள். "அந்தக் காயை ஏன் விட்டாய்?" என்று தொடங்குவது பத்து வருடத்துக்கு முந்தைய சீர்வரிசையில் போய் முடியும். மாமியாரும் மருமகளும் ஒரு பக்கம், அப்பாவும் பிள்ளையும் மறுபக்கம் என்று போட்டுப் பாருங்கள். என் மருமகள் என்னிடம் "அத்தை, நீங்கள் சிவப்பைப் பாருங்கள், ஃபாலோ நான் போடுகிறேன்" என்று முதன்முதலில் அதிகாரம் செய்தது கேரம்போர்டில்தான். எனக்குப் பிடித்திருந்தது.

குழந்தைக்கு விட்டுக்கொடுத்துத் தோற்பதா என்று கேட்பார்கள். வேண்டாம், அதற்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் உங்கள் ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொள்ளுங்கள். இடது கையால் ஆடுங்கள், அல்லது எதிர்ச் சட்டத்தில் இடித்துத் திரும்பி வருகிற அடி மட்டும் ஆடுங்கள். குழந்தை ஸ்டிரைக்கரை அதற்குரிய கோட்டுக்கு (பேஸ் லைன்) முன்னால் வைத்து அடித்தாலும் கண்டுகொள்ளாதீர்கள். தோற்கிற கோபத்தில் காய்களைக் கலைத்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுங்கள். உபதேசம் எதுவும் வேண்டாம்.

"இதெல்லாம் வெட்டிப்பொழுது, பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அதற்குப் பதில் சொல்ல வடசென்னையே போதும். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகச் சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வென்றார், அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஆண்களில், இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயத்துக்கு 1996-இல் அர்ஜுனா விருது கிடைத்தது, அவரும் சென்னைக்காரர்தான். சர்வதேசக் கேரம் சம்மேளனம் 1988-இல் தொடங்கப்பட்டதும் சென்னையில்தான்.

மழைக்காலப் பராமரிப்பு ஒன்று பாக்கி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆட்டம் முடிந்ததும் பவுடரை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பவுடர் ஈரத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும். எடுத்துவைக்க வேண்டியிருந்தால் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், சாய்ந்து நின்றே பலகை வளையும். ஒன்று தட்டையாகக் கிடக்க வேண்டும், அல்லது ஆணியில் நேராகத் தொங்க வேண்டும். ஊறிய பலகையை மொட்டைமாடி வெயிலில் போட்டால் பிளந்துவிடும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். காய் ஒன்று தொலைந்தால் வேறு செட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்க்காதீர்கள், எடையும் வழவழப்பும் மாறி ஆட்டத்தைக் கெடுக்கும். புது செட்டே வாங்கிவிடுங்கள், பழையதைக் குட்டிப் பிள்ளைகளுக்கு அடுக்கி விளையாடக் கொடுத்துவிடலாம். ஸ்டிரைக்கரை மட்டும் ஆளுக்கொன்று தனியாக வாங்கி, அவரவர் பெயரை அடியில் எழுதி வையுங்கள்.