கூப்பிட்டால் எழும்பக்கூடிய வேலை: வீட்டில் மொடல் ரயில் கட்டுகிறவர்களுக்கு

மொடல் ரயில் பாதியில் கிடக்கும் வீடுகளில் குறைவது நேரம் என்று சொல்லுவார்கள். உண்மையில் அங்கே குறைவது மேசை. இரவு எட்டரைக்குச் சோறு வைக்க மேசையை விட்டாக வேண்டும். பரப்பி வைத்ததை அள்ளிப் பெட்டியில் போட்டால், அடுத்த நாள் அதை அவிழ்த்து விரிக்க இருபது நிமிடம் போகும். அந்த இருபது நிமிடத்தை நினைத்தே பெட்டி மாதக்கணக்கில் அலுமாரிக்கு மேல் இருந்துவிடுகிறது. திருகோணமலை என்றால் இதோடு கரண்ட் போவது, மாரிகால ஈரம், கச்சான் காற்றின் தூசி, பல்லி, "அங்கிள், கோச்சிய ஒருக்கா ஓட விடுங்கோவன்" என்று வாசலில் வந்து நிற்கிற அயல் பிள்ளைகள் எல்லாம் சேரும். இவை ஒன்றையும் நிறுத்த முடியாது. ஆனால் எந்த நிமிடம் எழும்பினாலும் கெட்டுப்போகாத துண்டுகளாக வேலையை வெட்டி வைக்கலாம்.

தட்டு

வேலையை அப்படியே மேசையிலிருந்து தூக்கி அலுமாரியில் வைக்க ஒரு தட்டு வேண்டும். 6 மில்லிமீற்றர் பிளைவுட்டில் 60 × 40 சென்ரிமீற்றர் அளவுக்கு ஒரு பலகை வெட்டி, நாலு பக்கமும் 2 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விளிம்பு அடியுங்கள். விளிம்பு இல்லாவிட்டால் சில்லு உருண்டு முதலில் நிலத்துக்கும் பிறகு அலுமாரிக்குக் கீழும் போகும். உள்ளே வெளிர் நீல பிரிஸ்டல் மட்டையை ஒட்டினால் கறுப்புத் திருகாணியும் பித்தளைத் துண்டும் சட்டென்று கண்ணில் படும். வெட்டுவதற்கு மேலே ஒரு றப்பர் பாய்.

ஒரு தட்டில் ஒரு வேலைதான். அந்த வேலைக்கு வேண்டிய கத்தி, அரம், சிறு சாமணம், 0.5 முதல் 1 மில்லிமீற்றர் வரையான துளையூசிகள், பல்லுக்குச்சி எல்லாம் அதிலேயே இருக்கட்டும். ஒரு கத்தியை இரண்டு தட்டுக்கு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதைத் தேடவேண்டி வரும், ஆகவே இரண்டாவது கத்தியை வாங்கிவிடுங்கள். தட்டு இரண்டு வரை இருக்கலாம். மூன்றாவது தட்டு வந்தால் எதுவும் முடியாது. தட்டை வெட்டுவதற்கு முன்னரே அலுமாரித் தட்டின் ஆழத்தை அளந்து பாருங்கள். 40 சென்ரிமீற்றர் உள்ளே போகாவிட்டால் கதவு மூடாது, கதவு மூடாவிட்டால் பல்லி உள்ளே வந்துவிடும்.

தட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு துண்டுக் கடுதாசியில் அடுத்த அசைவை எழுதிப் போடுங்கள். "பெட்டி வேலை" என்று எழுதுவது வீண். "இடப்பக்கம் மூன்றாவது யன்னல், 0.8 துளை, பிறகு அரம்" என்று எழுதியிருந்தால் அடுத்த நாள் யோசனை இல்லாமல் கை வேலையைத் தொடங்கும்.

எதை விட்டு எழும்பலாம், எதை முடியாது

வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். சில்லுத் துடைப்பது, தண்டவாளத்துக்குக் கீழே வரும் சிலிப்பர் கட்டை வெட்டுவது, துளை போடுவது, அக்ரிலிக் பெயின்ற் பூசுவது எல்லாம் எப்போதும் விடக்கூடியவை. பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ், ஜல்லி ஒட்டுவது, ஸ்பிரே அடிப்பது, இலக்க ஸ்ரிக்கர் நனைத்து ஒட்டுவது எல்லாம் தொடங்கினால் முடிக்க வேண்டியவை. இரண்டாவது வகையை விடிய ஐந்து மணி தொடக்கம் ஆறரை வரைக்கும் ஒதுக்குங்கள், அந்த நேரம் போனும் வராது, ஆளும் வராது. பின்னேரம் ரியூஷனால் பிள்ளையை ஏற்ற அரை மணிதான் இருக்கிறது என்றால் பிளாஸ்ரரைக் கரைக்காதீர்கள். அது கலந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும், கோப்பையும் போகும். கரைக்கும்போதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுக்கு மேல் வேண்டாம். தண்ணீருக்குள்தான் மாவைத் தூவ வேண்டும், மாறிச் செய்தால் கட்டி விழும்.

சோல்டர் வேலை, அதாவது ஈயத்தை உருக்கி வயரைப் பற்றவைப்பது, இரண்டிலும் சேராது. வயர்ப் பொருத்து ஒன்றுக்கு ஒரு நிமிடம் போதும், ஆகவே ஒவ்வொரு பொருத்துக்குப் பிறகும் எழும்பலாம். சூடான சோல்டர் அயர்னைத்தான் அப்படியே விட்டுவிட்டு எழும்ப முடியாது.

ஒரு பொருத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீற்றர் இடத்தை மினுங்கும் வரை அரத்தால் தேயுங்கள். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரின் நுனியில் 3 மில்லிமீற்றர் உரித்து, முறுக்கி, பற்றவைக்க முதலே அதில் ஈயம் பூசி, 'எல்' போல மடியுங்கள். பொருத்து வரும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் மேல் நனைத்த பஞ்சு ஒவ்வொன்று வையுங்கள். ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையைக் கொஞ்சம் தொட்டு, 40 வாட்ஸ் அயர்னின் சுத்தமான நுனியால் வயரைத் தண்டவாளத்தோடு அழுத்தி இரண்டு, மூன்று செக்கன் பிடியுங்கள். ஈயம் பளபளத்து ஓடியதும் அயர்னை எடுத்து, ஆறும் வரை வயரை ஆட்டாதீர்கள். ஐந்து செக்கனுக்கு மேல் வைத்தால் பிளாஸ்ரிக் சிலிப்பர் இளகி, தண்டவாளம் உள்ளே சாயும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் பெட்டி தடம் புரளும்போதுதான் தெரியும், அதுவும் ஒரு மாதம் கழித்து. எனவே பொருத்து ஆறியதும் ஒரு பெட்டியைக் கையால் உருட்டிப் பாருங்கள்.

கரண்ட் போனால் முதல் வேலை அயர்ன் சுவிட்சை அணைத்து பிளக்கையும் கழற்றுவது. ரோர்ச் தேடுவது இரண்டாவது. எல்லாரும் இதை மாறித்தான் செய்கிறார்கள். பிறகு வேலையை மறந்து படுத்துவிட, இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து அயர்ன் தனியே சூடேறிக்கொண்டிருக்கும். அயர்ன், ரயில் கொன்ட்ரோலர், மேசை லைற் மூன்றையும் ஒரே எக்ஸ்ரென்ஷன் கோட்டில் போட்டு, அதன் சுவிட்ச் ஒன்றையே அணைக்கும்படி செய்தால் மறதிக்கு இடமில்லை.

இரண்டு வாரம் தின்னும் இடையூறு

எஞ்சின் ஒரே இடத்தில் நிற்கிறது. உடனே எஞ்சினைக் கழற்றுகிறோம். மோட்டர், பிரஷ், கியர் எல்லாம் மேசையில் கிடக்கும், திருப்பிப் பூட்டத் தெரியாது, அத்தோடு வேலை நின்றுவிடும். இந்த ஊரில் இதற்கு முக்கால்வாசிக் காரணம் எஞ்சின் அல்ல, தண்டவாள இணைப்புத் தகடு. கடல் காற்றின் உப்பீரம் தகட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் பாசி போல ஒரு படலம் கட்டும், கரண்ட் அதைத் தாண்டாது. இணைப்புத் தகட்டை நம்பாமல் ஒரு மீற்றருக்கு ஒரு சோடி வயரைத் தண்டவாளத்தில் நேராகப் பற்றவையுங்கள். அவற்றைப் பலகைக்குக் கீழே ஓடும் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் சேருங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சின துண்டே போதும். ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு என்று கடைசி வரைக்கும் மாறாமல் பிடியுங்கள். ஓர் இடத்தில் மாறினாலும் கொன்ட்ரோலர் ஷோர்ட் காட்டும்.

எஞ்சினைத் திறக்க முன் இன்னொரு எஞ்சினை அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் நின்றால் திருகாணியில் கை வைக்காதீர்கள்.

தண்டவாளத்தை மணற்கடுதாசியால் தேய்க்க வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்குப் பிடிக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பருத்தித் துணி போதும். பார்மசியில் சேர்ஜிகல் ஸ்பிரிட் கிடைத்தால், முதலில் கண்ணாடியில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், ரயிலுக்கு ஆகாது. பல்லி எச்சம் காய்ந்து கிடந்தால் தீக்குச்சியின் மரப்பக்கத்தால் சுரண்டி, பிறகு துடையுங்கள்.

கடற்கரை மணல்

டச்பேயிலோ நிலாவெளியிலோ கையால் அள்ளிய மணலை ஜல்லியாகப் போடுகிற ஆசை இங்கே எல்லாருக்கும் வரும். இரண்டு கேடு உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, தண்டவாளத்தின் அடியை அரிக்கும். அதோடு இந்தக் கரையோர மணலில் கறுப்புத் துகள் கலந்திருக்கும். வடக்கே புல்மோட்டையில் இல்மனைற் என்ற கறுப்புக் கனிமத்துக்காக மணல் அகழ்வது தெரிந்ததுதானே. அந்தத் துகளை மோட்டரின் காந்தம் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், பிறகு கியர் கரகரக்கும்.

விருப்பம் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் கழுவி, கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்து உப்பு இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். வெயிலில் காயவிட்டுத் தேத்தண்ணி வடியால் அரியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றின பலமான காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, மணலில் மெதுவாக இழுங்கள். ஒன்றும் ஒட்டாத வரைக்கும் இழுக்க வேண்டும். ஒட்ட, பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. முதலில் மணலை ஸ்பிரே போத்தலால் நனைத்த பிறகே கம் விடுங்கள். நனைக்காவிட்டால் கம் முத்து முத்தாக உருண்டு மணலைக் குழி பறிக்கும். கார்த்திகை, மார்கழியில் இது காய இரண்டு நாள் எடுக்கும். அவசரத்தில் ஃபேனை நேரே திருப்பினால் மணல் பறக்கும்.

காலத்துக்கேற்ற வேலை

ஸ்பிரே பெயின்ற் மழைக் காலத்தில் வெண்புகை படிந்தது போல வரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் அப்படி. ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். சில்லு, வயர், பெட்டி பூட்டுவது எல்லாம் அந்த மாதங்களுக்கு. வைகாசிக்குப் பிறகு கச்சான் அடிக்கும்போது பெயின்ற் நன்றாகக் காயும், ஆனால் காற்று தூசியையும் கொண்டுவரும். ஆகவே விடியற்காலையில், காற்று எழும்ப முன், ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். பலகையும் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். தண்டவாளத் துண்டுகளுக்கிடையில் அரை மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் மாரியில் போட்ட பாதை சித்திரையில் வளையாது.

சுப்பர் குளூ ஈரத்தால் இறுகும் பொருள் என்பதால் இங்கே மாரியில் இன்னும் வேகம். போத்தலால் நேரே விடாமல் ஒரு துளியைப் பிளாஸ்ரிக் மூடியில் விட்டு, போத்தலை மூடின பிறகே பல்லுக்குச்சியால் தொட்டுப் பூசுங்கள். போத்தல் சிலிக்கா ஜெல் போட்ட ஜாம் போத்தலுக்குள் இருக்கட்டும். ரெஜிஃபோம் மலை செய்கிறவர்கள் சுப்பர் குளூவையும் ஸ்பிரேயையும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரண்டும் அதைத் தின்றுவிடும்.

அகலப் பாதை என்னும் வாதம்

இலங்கைப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். எச்.ஓ அளவில், அதாவது 1:87 இல், இது 19.3 மில்லிமீற்றர் ஆகும். கடையில் கிடைப்பது 16.5, அது 1435 மில்லிமீற்றர் பாதைக்கு உரியது. இந்த மூன்று மில்லிமீற்றருக்காகப் போனில் மாதக்கணக்கில் படம் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கை ஒருக்கால் போட்டு மூடுங்கள்: 1676 ஐ 16.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 102 வரும். எனவே எஞ்சின், பெட்டிகளின் மேற்கூட்டை 1:100 அளவில் நீங்களே கட்டினால் 16.5 பாதையே அகலப் பாதையாகத் தெரியும். கடைப் பெட்டிகளை வாங்கி ஓட்டுகிறவர்கள் 1:87 இலேயே நின்றுவிடட்டும். இரண்டையும் ஒரே பலகையில் கலந்தால்தான் அவலட்சணம்.

படம் தேடுவதும் இதே பொறி. கனடா கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கொடுத்து 1954 இல் வரத் தொடங்கிய எம்2 எஞ்சினைச் செய்யப்போகிறீர்கள் என்றால், ஓர் எஞ்சின், ஓர் இலக்கம், ஒரு காலத்து நிறம் என்று எடுத்து, அதன் படம் ஒன்றை ஏ4 தாளில் அச்செடுத்து தட்டுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். போன் பக்கத்து அறைக்குப் போகட்டும். நேரம் பார்க்கச் சுவர் மணிக்கூடு போதும். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களையும் மா ஆலையையும் சேர்ப்பதற்குப் பாதை ஓடின பிறகு காலம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் தொலைந்த சாமானுக்கும்

மூன்று நிமிடத்தில் ஓடவிடக்கூடிய ஒரு வட்டம் எப்போதும் தயாராக இருக்கட்டும். 37 சென்ரிமீற்றர் ஆரத்தில் எச்.ஓ வட்டத்துக்கு 90 சென்ரிமீற்றர் அகலப் பலகை வேண்டும். பிள்ளைகளுக்கு அதில் கொன்ட்ரோலரைக் கொடுத்துவிடலாம், தட்டில் கைவைக்கத்தான் விடக்கூடாது. வயது வந்த விருந்தாளிக்குப் அழுக்கான சில்லு நாலும், பஞ்சும், ஸ்பிரிட்டும் கொடுத்து இருத்தினால் கதையும் நடக்கும், சில்லும் சுத்தமாகும்.

பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் சுருள்வில் பறந்து தொலைவது பெரிய நேர விழுங்கி. அதைப் பூட்டும்போது இரண்டு கையையும் வெளிப்படையான பொலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு பூட்டுங்கள், பறந்தாலும் பைக்குள் விழும். தொலைந்துவிட்டால் லைற்றை அணைத்து, ரோர்ச்சை நிலத்தில் படுக்க வைத்து ஒளியைத் தரையோடு விடுங்கள். மில்லிமீற்றர் அளவான துண்டின் நிழலும் விரல் நீளத்துக்கு விழும். தும்புத்தடியால் கூட்டுவது கடைசி வழி. காந்தத்தையும் நம்ப வேண்டாம், சில சுருள்கள் அதில் ஒட்டாது.

வேலை முடிந்ததும் பாதையை மூட பழைய சாரம் வேண்டாம், பருத்தி நூல் அச்சில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய பிளாஸ்ரிக் தாளை நாலு மரக்குச்சியில் கூடாரம் போலத் தூக்கி மூடுங்கள். ஒரு முனையை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவிட்டு அதில் நுளம்பு வலைத் துண்டொன்றை ஒட்டினால் ஈரம் வெளியே போகும், பல்லி உள்ளே வராது.