லெந்துக்கு முன்னாடி: தியாகம் பண்றோம்னு கெளம்பி நாம பண்ற தப்புகள்

லெந்துன்னா ஈஸ்டருக்கு முன்னாடி நாங்க இருக்கற உபவாச காலம். ஒரு பரங்கிக்காய 3500 ரூவா குடுத்து வாங்கினவன் எழுதறது இது, அதனால ஏதோ பெரிய பக்திமான் உபதேசம் பண்றான்னு நெனைக்காதீங்க.

எங்க ஊரு பொறையாறு பக்கம். அறுப்பின் பண்டிகைன்னா அவங்கவங்க வீட்டுல வெளைஞ்சத கொண்டாந்து சர்ச்சுல வைப்போம், நெல்லு, வாழத்தாரு, தேங்கா, கால் கட்டின சேவல் எல்லாம் வரிசையா இருக்கும், ஆராதனை முடிஞ்சதும் வெளிய மரத்தடியில ஏலம். அந்த வருஷம் நல்ல பெரிய பரங்கிக்காய் ஒன்னு வந்துச்சு. நான் 200ன்னேன், பின்னாடிலேருந்து ஒரு குரல் 500ங்குது, திரும்பி பாத்தா என் பங்காளி, சித்தப்பா பையன், எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒன்னரை அடி வரப்பு தகராறு பல வருஷமா ஓடுது. அப்புறம் என்ன, 800, 1200, 2000, கடைசில 3500 ஒரு தரம், 3500 ரெண்டு தரம், எல்லாரும் கை தட்டினாங்க, ஐயர் (எங்க சர்ச் போதகர அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து கை குடுத்தாரு, நானும் கர்த்தருக்கு குடுத்தேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு காய தோள்ல தூக்கிட்டு வந்தேன்.

அந்த காசு என் வீட்டுக்காரி பல்லு வேர் வைத்தியம் பண்ண எடுத்து வச்சிருந்த காசு. அவ ஒன்னும் சொல்லல, மறுநாள் அந்த பரங்கிக்காய்ல கூட்டு வச்சு எலையில போட்டுட்டு "3500 ரூவா கூட்டுங்க, இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க"ன்னா. அவ மட்டும் ஒரு பக்கமாவே மென்னு சாப்பிட்டுட்டு இருந்தா.

அன்னிக்கு புரிஞ்சுது, தியாகம் என் பேர்ல, பில்லு அவ பேர்ல. அதுக்கப்புறம் பைபிள படிச்சா பலி சம்பந்தமா எங்க வந்தாலும் இந்த கேள்விதான் மொதல்ல தோணுது, இதுக்கு யாரு கைக்காசு?

தாவீது ராஜா கதை இருக்குல்ல, 2 சாமுவேல் 24. தேசத்துல கொள்ளைநோய், அர்வனாவோட களத்துல பலிபீடம் கட்டுன்னு தீர்க்கதரிசி சொல்லிட்டாரு. களம்னா நம்ம ஊரு நெல்லு அடிக்கற களம் மாதிரிதான், அவங்களுக்கு கோதுமை. அர்வனா என்ன சொல்றான், ராஜா, எடம் எடுத்துக்கங்க, பலிக்கு மாடு இந்தா இருக்கு, வெறகுக்கு போரடிக்கற உருளையும் நுகத்தடியும் இருக்கு, எல்லாம் சும்மாவே எடுத்துக்கங்கன்னு. நானா இருந்தா ஸ்தோத்திரம் சொல்லி வாங்கிருப்பேன். தாவீது, எனக்கு செலவே இல்லாத பலிய என் தேவனுக்கு குடுக்க மாட்டேன்னுட்டு 50 சேக்கல் வெள்ளி குடுத்து வாங்கறான். ராஜா நெனச்சிருந்தா ஒரு பைசா குடுக்க வேண்டாம், குடியானவன் தலையில கட்டிருக்கலாம். நாம பண்ற முக்காவாசி தப்பு அந்த எடத்துலதான், அர்வனா மாட்ட சும்மா வாங்கி நம்ம பேர்ல பலி போடறது.

இதுக்கு பழைய உதாரணம் யெப்தா, பழைய ஏற்பாட்டுல வர படைத்தலைவன். ஜெயிச்சு திரும்பி வந்தா வீட்டு வாசல்லேருந்து எது மொதல்ல எதிர்ல வருதோ அத பலியா குடுக்கறேன்னு பொருத்தனை பண்ணான், அதாவது நேந்துக்கிட்டான், வந்தது ஒரே பொண்ணு. வாய் அவனோடது, விலை அவளோடது. புதிய ஏற்பாட்டுல கொர்பான் கதை, மாற்கு 7ல, அப்பா அம்மாவுக்கு சேர வேண்டியத இது கடவுளுக்கு காணிக்கைன்னு சொல்லிட்டு பெத்தவங்கள கைவிட்டவங்கள இயேசு புடிச்சு திட்டறாரு. இதெல்லாம் அந்த காலம்னு நெனைக்காதீங்க, அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிட்டு சர்ச் மாடத்துக்கு கிரானைட் போட்டு குடுத்தவங்க எங்க பக்கமும் உண்டு, கல்லுல பேரு கூட வெட்டிருக்கு.

உபவாசத்துலயும் இதே கதைதான். லெந்து 40 நாள்னு சொல்றோம், ஞாயித்துக்கெழமைய கழிச்சுதான் 40, சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரைக்கும் காலண்டர்ல எண்ணினா 46 நாள் வரும். ஒரு வருஷம் அந்த 40 நாளும் பகல்ல சாப்பிடாம இருந்தேன். இருந்தேன்னா எப்படி, சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்குன்னு தனியா கஞ்சி, தனியா தொவையல், உப்பு கம்மியா இருந்தா கத்தல், புள்ளைங்க டிவி போட்டா கத்தல், வயல்ல வேலை செய்ற ஆளுங்க அஞ்சு நிமிஷம் வெத்தல போட ஒக்காந்தா கத்தல். வீட்டுல எல்லாரும் ஈஸ்டர் எப்ப வரும்னு என்னைய விட ஆவலா இருந்தாங்க.

ஏசாயா 58 படிச்சப்போ பக்குன்னு ஆயிருச்சு. நாங்க உபவாசம் இருக்கோம், ஏன் பாக்க மாட்டேங்கறீங்கன்னு ஜனங்க கேக்கறாங்க, அதுக்கு கடவுள் சொல்ற மொத பதிலே, நீங்க உபவாச நாள்ல உங்க வேலையாளுங்கள கசக்கி வேலை வாங்கறீங்க, சண்டை போடறீங்கங்கறதுதான். நம்ம பக்கம் லெந்து வரது சரியா சம்பா அறுத்து முடிச்சு, கொள்முதல் நிலையத்துல மூட்டை போட்டு, காசு அக்கவுண்ட்ல ஏறற நேரத்த ஒட்டி. அந்த நேரம் தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கைக்கு, கணக்கு பாக்கறோம், காணிக்கை கவர்ல பேரு எழுதறோம், அறுப்புக்கு வந்த அம்மாங்களுக்கு மட்டும் கூலி பாக்கி அடுத்த வாரம்ங்கறோம். அந்த பாக்கிய குடுக்காம வைக்கற கவர் யாரு காசு சொல்லுங்க? அது உங்க காணிக்கையே இல்ல, அந்த அம்மாங்களோடது.

அடுத்தது, இது எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம், சண்டைய அப்படியே வச்சுக்கிட்டு பலிபீடத்துக்கு போறது. மத்தேயு 5:23, 24. காணிக்கைய கொண்டாந்துட்டே, அங்க நிக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வருது, காணிக்கைய அங்கயே வச்சுட்டு போ, மொதல்ல ஒப்புரவாகு, அப்புறம் வா. கவனிங்க, உனக்கு அவன்மேல கோவம்னு இல்ல, அவனுக்கு உன்மேல ஏதாவது இருந்தாங்கறதுதான் இருக்கு. நான் மனசுல எதுவும் வச்சுக்கலப்பான்னு சொல்லி தப்பிக்க முடியாது. அப்ப இயேசு பேசினது கலிலேயாவுல, பலிபீடம் இருக்கறது எருசலேம்ல, நடந்தே போகணும்னா சில நாள் ஆகும். ஆட்ட அங்க நிக்க வச்சுட்டு திரும்பி ஊருக்கு போய் சமாதானம் ஆகி மறுபடி வான்னா கேக்கறவனுக்கு சிரிப்பு வந்திருக்கும், ஆனா அவர் சீரியஸாதான் சொல்றாரு.

எங்க அம்மா வழி கத்தோலிக்கங்க, காரைக்கால் பக்கம். ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துலேருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி திருவிழா, அதுக்கு காவி கட்டிக்கிட்டு கடலோர ரோட்டுல நடந்து போறவங்கள வருஷா வருஷம் பாக்கறேன், வெயில்ல கால் கொப்புளிச்சு போயிருக்கும், வழியில மோரு, எலுமிச்சம்பழ ஜூஸ் குடுப்போம். ஒரு வருஷம் ஒரு பெரியவர் எங்க திண்ணையில ஒக்காந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கிட்டே சொன்னாரு, "தம்பி, நூறு மைல் நடந்துட்டேன், எங்க அண்ணன் வீடு எங்க தெருவுலேருந்து நாலாவது வீடு, அங்க நடக்க முடியல". நான் சிரிச்சேன். அப்புறம் என் பங்காளி வீடு எத்தனாவது வீடுன்னு ஞாபகம் வந்து சிரிப்ப நிறுத்திட்டேன்.

கடவுள்கிட்ட பேரம் பேசறத பத்தி சுருக்கமா சொல்லிடறேன், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பையன் பாஸ் பண்ணா இவ்ளோ, விசா வந்தா இவ்ளோ. கஷ்டத்துல வாய்விட்டு வேண்டிக்கறத நான் கொறை சொல்லல, பைபிள்ல புள்ள வேணும்னு கேட்ட அன்னாள் கூட அப்படித்தான் அழுதா. ஆனா கான்ட்ராக்ட் போட்டு குடுத்தா அதுக்கு பேரு கூலி, காணிக்கை இல்ல. அவசரத்துல வாய விட்டுட்டு அப்புறம் முழிக்கறத விட பொருத்தனை பண்ணாமலே இருக்கறது நல்லதுன்னு பிரசங்கி 5லயே இருக்கு. ஸ்டேட்டஸ்ல உபவாசம் மூணாவது நாள்னு போட்டோ போடறதுக்கு மத்தேயு 6 போதும், உபவாசம் இருக்கறது வெளிய தெரியாம தலைக்கு எண்ணெய் வச்சு மூஞ்சி கழுவிக்கிட்டு போங்க.

அவசரம்னு சொன்னேன்ல, அதுல கொஞ்சம் நிக்கணும். நெல்ல கொள்முதல் நிலையத்துக்கு கொண்டு போறீங்க, 40 கிலோ மூட்டை, ஆனா பொதுவா ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, ரோட்டுல கொட்டி கால்ல வாரி வாரி காய வைக்கணும். (சில வருஷம் மழையினால அரசு தளர்வு குடுக்கும், அது வேற.) நெல்லு நல்ல நெல்லுதான், காயல, அவ்வளவுதான். ஜெபக் கூட்டத்துல ஒரு பிரசங்கத்த கேட்டு கண்ணுல தண்ணியோட வேலைய விட்டுட்டு ஊழியத்துக்கு வரேன்னு கைய தூக்கறவங்கள பாத்தா எனக்கு இதுதான் தோணும், ஈர நெல்லு. கோபுரம் கட்றவன் மொதல்ல ஒக்காந்து செலவு கணக்கு பாக்க மாட்டானான்னு லூக்கா 14ல இயேசுவே கேக்கறாரு. கணக்கு பாக்கறது அவிசுவாசம்னு சிலர் பேசறாங்களே, அது எந்த வேதத்துல இருக்குன்னு தெரியல.

எங்களுக்கு இதுக்கு வெளிய உதாரணம் தேட வேண்டாம், தரங்கம்பாடி பக்கத்துலதான. சீகன்பால்க்னு ஜெர்மன் மிஷனரி, 1706 ஜூலைல கப்பல்ல வந்து எறங்கினப்போ வயசு 23. எடுத்தவுடனே மேடை போட்டு பேசல, பள்ளிக்கூடத்து சின்ன புள்ளைங்க கூட ஒக்காந்து மணல்ல விரல் வச்சு அ ஆ எழுதி தமிழ் படிச்சாரு. தமிழ் புதிய ஏற்பாடு அங்க அச்சாகி வந்தது 1715ல. நடுவுல டேனிஷ்காரங்க கோட்டைலயே நாலு மாசம் ஜெயில். 1719ல செத்துப்போகும்போது 36 வயசு. பிரசங்கத்துல எல்லாரும் அந்த ஜெயிலதான் தியாகம்னு சொல்வாங்க, எனக்கு அந்த மணல்தான் பெருசா தெரியுது. படிச்ச மனுஷன், பெரிய ஆளா வந்தவரு, அஞ்சு வயசு புள்ள நம்மள விட நல்லா எழுதறத பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்னா சும்மாவா?

பைபிள்ல காணிக்கைப் பெட்டியில ஏழை விதவை போட்ட காசு பத்தியும் ஒரு வார்த்தை. ரெண்டு காசு போட்டா, இருந்தது பூரா போட்டான்னு சொல்லி கடன் வாங்கியாவது குடுங்கன்னு பேசறவங்க, அதுக்கு நேர் மேல இருக்கற மாற்கு 12:40 படிக்கறதில்ல, விதவைகள் வீட்ட முழுங்கறவங்கள பத்தி அங்கதான் இருக்கு. வட்டிக்கு வாங்கி காணிக்கை போடாதீங்க, அத கட்டப்போறது உங்க புள்ளைங்க. அதே மாதிரி சுகர் மாத்திரை, இன்சுலின் போடறவங்க டாக்டர கேக்காம பட்டினி கெடக்காதீங்க, கத்தோலிக்க சபை சட்டத்துலயே நோன்பு 18 வயசுலேருந்து 59 வயசு ஆகற வரைக்கும்தான், நோயாளிங்களுக்கு கட்டாயம் இல்ல. மயங்கி விழுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடி ஓடப்போறது யாரு?

சரி, தியாகத்துக்கு முன்னாடி ஆயத்தம்னா என்னதான் பண்றதுன்னு கேட்டா, எங்க அப்பாயி பண்ணத சொல்றேன், எனக்கு தெரிஞ்சு அதுக்கு மேல இல்ல. ஒலை வைக்கறதுக்கு முன்னாடி படியில அரிசி அளப்பாங்க, அளந்த அரிசிலேருந்து ஒரு பிடி எடுத்து பக்கத்துல இருக்கற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடிட்டு அப்புறம்தான் களைவாங்க. பிடி அரிசி காணிக்கை, நெறைய கிறிஸ்தவ வீட்டுல உண்டு, ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு போயிடும். சின்ன வயசுல நான் கேட்டேன், அப்பாயி, குதிர்லேருந்து தனியா ஒரு பிடி எடுத்து போட்டா போச்சு, அளந்ததுலேருந்து ஏன் எடுக்கறீங்கன்னு. "குதிர்லேருந்து எடுத்தா ஒங்க தாத்தா ஒழைப்புடா, இதுலேருந்து எடுத்தாதான் என் சோறு"ன்னாங்க. எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா சாப்பிடறது அவங்கதான, அந்த ஒரு பிடி கொறையறது அவங்க தட்டுலதான். எடுக்கும்போது வாய் முணுமுணுன்னு ஏதோ சொல்லும், ஒரு நாளைக்கு ஒருத்தர் பேரு, முக்காவாசி அவங்களுக்கு ஆகாதவங்க பேரு. தாவீது கதை அவங்களுக்கு தெரியுமான்னு தெரியல, எழுத படிக்க தெரியாது.

எங்க சபையில நற்கருணைக்கு (அப்பமும் ரசமும் வாங்கற ஆராதனை) முந்தின நாள் ஆயத்த ஆராதனை வைக்கற பழக்கம் உண்டு, கூட்டம் இருக்காது, நானும் போனதில்ல. இந்த வருஷம் போனேன். பாவ அறிக்கை சொல்லிட்டு வந்து வீட்டுக்காரிகிட்ட கேட்டேன், லெந்துல நான் எத விட்டா உனக்கு கஷ்டம் இல்லாம இருக்கும்னு. யோசிக்கவே இல்ல, "அந்த வரப்ப விடுங்க"ன்னா.

சாம்பல் புதனுக்கு ரெண்டு நாள் முன்னாடி பங்காளி வீட்டுக்கு போனேன். மாட்டுக்கு வைக்கோல் ஒதறிக்கிட்டு இருந்தான், பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "வாங்கண்ணே, பரங்கிக்காய் எதாவது வேணுமா"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். டீ குடிச்சோம், வரப்பு பேச்சு வரும்போது கொஞ்சம் சூடாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன், கடைசில சர்வேயர வச்சு அளந்துக்கலாம், கல்லு எங்க விழுதோ அதுதான்னு முடிவாச்சு. வர வெள்ளிக்கெழமை வராரு. அளக்கற பீஸ் பாதி பாதின்னான், வேணாம்டா, முழுசா நான் கட்டிடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பல்லு காசு இல்ல, கேட்டுட்டேன்.