ரொறன்ரோ நெடுஞ்சாலையில் வேக டிக்கெட்: ஓரங்கட்டிய நிமிடத்திலிருந்து வழக்கு முடியும்வரை

வேக டிக்கெட் கைக்கு வந்ததும் கண் நேரே தொகைக்குத்தான் போகும். "நூற்றுச் சொச்சம்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்" என்று அன்றிரவே இணையத்தில் கட்டிவிடுகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். ஒன்ராறியோ சட்டப்படி, கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தண்டம் ஒரு தடவையோடு போய்விடும். பதிவான குற்றத்தீர்ப்பைக் காப்புறுதிக்காரர் வழக்கமாக மூன்று வருடம் பார்ப்பார். ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கட்டாதீர்கள். 15 நாள் இருக்கிறது, யோசித்து முடிவெடுங்கள்.

ஓரங்கட்டும்போது

பின்னால் விளக்கு மின்னியதும் வலப்பக்கச் சிக்னலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, வலது ஓரத்துக்கு வாருங்கள். 401 நெடுஞ்சாலையில் எக்ஸ்பிரஸின் (வெளிவழிகள் குறைந்த உட்புறத் தடங்கள்) இடக்கரையில் போய்க்கொண்டிருந்தால் ஒரே வெட்டில் குறுக்கே பாயாமல் ஒவ்வொரு தடமாக மாறி வாருங்கள். அந்தத் தாமதத்துக்காக எவரும் கோபிக்க மாட்டார்கள். கார் நின்றதும் கண்ணாடியை இறக்கி, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். காரைவிட்டு இறங்க வேண்டாம். லைசன்ஸ், வாகன உரிமைப்பத்திரம், காப்புறுதி அட்டை மூன்றும் கேட்பார்கள். காப்புறுதி அட்டையைக் காட்ட முடியாவிட்டால் அதற்குத் தனி டிக்கெட் விழும்.

"எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?" என்று பொலிஸ் கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "120 இருக்கும் சேர்" என்று பணிவாகச் சொல்வது அப்படியே குறிப்பேட்டில் ஏறும், விசாரணையில் உங்கள் வாக்குமூலமாக வாசிக்கப்படும். பொய்யும் சொல்ல வேண்டாம். "நீங்கள் அளந்ததைச் சொல்லுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். மரியாதைக்குப் பலன் உண்டு: பல அதிகாரிகள் அங்கேயே வேகத்தைக் குறைத்து எழுதிக் கொடுப்பார்கள்.

பொலிஸ் கார் போனதும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அப்போதே எழுதி வையுங்கள். நேரம், எந்தத் தடம், எக்ஸ்பிரஸா கலெக்டரா (வெளிவழிகளோடு சேரும் வெளிப்புறத் தடங்கள்), மழையா வெயிலா, பக்கத்தில் என்ன வாகனம் போனது, பொலிஸ் கார் எங்கே நின்றது, கையில் பிடித்த கருவியா காரில் பூட்டியதா. ஆறு மாதம் கழித்து இவற்றில் ஒன்றும் நினைவிருக்காது. அதிகாரியிடம் மட்டும் குறிப்பு இருக்கும்.

டிக்கெட்டில் உள்ள எண்ணை வாசிப்பது

சாலை வேலை நடக்காத சாதாரண நெடுஞ்சாலைப் பகுதியில், நீதிமன்றம் போகாமல் கட்டும் தொகைக்கான கணக்கு இது. எல்லையைவிட 19 கிலோமீற்றர்வரை கூடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 2.50 டொலர், 20 முதல் 29 வரை 3.75, 30 முதல் 49 வரை 6 டொலர். அதோடு 5 டொலர் நீதிமன்றச் செலவும், தண்டத்தின் அளவைப் பொறுத்த மேல்வரியும் சேரும். இப்போது இரண்டு டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15 கூட: 52.50 டொலர், டிமெரிட் புள்ளி (குற்றத்துக்காக ஓட்டுநர் பதிவில் ஏறும் புள்ளி) இல்லை. 16 கூட: 55 டொலர், மூன்று புள்ளி. இரண்டரை டொலருக்கு மூன்று புள்ளி! அடுத்த படியும் அப்படித்தான். 29 கூட என்றால் 138.75 டொலரும் மூன்று புள்ளியும், 30 ஆனால் 220 டொலரும் நான்கு புள்ளியும். 49 கூடப் போனால் 359 டொலர், அதே நான்கு புள்ளி.

இந்த நான்காவது புள்ளிதான் ஜி2 லைசன்ஸ் (முழு லைசன்ஸுக்கு முந்திய படி) வைத்திருக்கும் பிள்ளைகளின் காலை வாருவது. ஒரே குற்றத்தில் நான்கு அல்லது அதற்கு மேல் புள்ளி விழுந்தால், முதல் தடவைக்கே அவர்களின் லைசன்ஸ் 30 நாள் நிறுத்தப்படும். வீட்டில் ஜி2 ஓட்டுநர் இருந்தால் 30 என்ற எண்ணைச் சொல்லியே வையுங்கள்.

புள்ளி பற்றி நம்மிடையே ஒரு குழப்பம் உண்டு. "எனக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது" என்பார்கள். இங்கே புள்ளி குறைவதில்லை, பூச்சியத்திலிருந்து ஏறுகிறது. முழு லைசன்ஸ்காரருக்கு 15 சேர்ந்தால் 30 நாள் நிறுத்தம். குற்றம் நடந்த திகதியிலிருந்து இரண்டு வருடத்தில் அந்தப் புள்ளி கழியும். இன்னொன்று: காப்புறுதிக்காரர் எண்ணுவது புள்ளியை அல்ல, குற்றத்தீர்ப்பை. புள்ளியே இல்லாத 15 கிலோமீற்றர் டிக்கெட்டும் அவர் கண்ணில் ஒரு குற்றத்தீர்ப்புத்தான்.

எல்லைக்கு மேல் 50 போனால் கதையே வேறு. 401இல் எல்லை 100, ஆகவே 150 தொட்டால் அது வேக டிக்கெட் அல்ல, ஸ்டண்ட் டிரைவிங் என்ற ஆபத்தான ஓட்டக் குற்றம். டொன் வலி பார்க்வேயில் எல்லை 90, அங்கே 140. சாலையோரத்திலேயே லைசன்ஸ் 30 நாளுக்குப் போகும், கார் 14 நாளுக்குப் போகும். கார் தம்பியுடையதோ நண்பருடையதோ என்பது கணக்கில்லை. குற்றத்தீர்ப்பு வந்தால் குறைந்தது 2,000, கூடியது 10,000 டொலர் தண்டம், அதன்மேல் குறைந்தது ஒரு வருட லைசன்ஸ் நிறுத்தம். இதை இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு நீங்களே வாதாடப் போகாதீர்கள். வழக்கறிஞரையோ பராலீகலையோ (இத்தகைய சிறு வழக்குகளில் வாதாட உரிமம் பெற்றவர்) பிடியுங்கள்.

15 நாளுக்குள் தெரிவு

டிக்கெட்டின் பின்பக்கத்தில் மூன்று வழி இருக்கும். கட்டுவது ஒன்று. அரசதரப்பு வழக்குரைஞரைச் சந்தித்துப் பேசுவது இரண்டாவது. விசாரணை மூன்றாவது. எதுவும் செய்யாமல் 15 நாள் கடந்தால் நீங்கள் எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு குற்றத்தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

பெரும்பாலானோருக்கு இரண்டாவது வழிதான் சரி. சந்திப்பு தொலைபேசியிலோ காணொளியிலோ இருக்கலாம், கடிதத்தில் உள்ளபடி செய்யுங்கள். தவறவிட்டால் அங்கேயே குற்றத்தீர்ப்பு. உங்கள் ஓட்டுநர் பதிவை மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்திருங்கள். மூன்று வருடப் பதிவு சுத்தமாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். 29க்கு எழுதியதை 15ஆகக் குறைக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை, பல நேரம் கிடைக்கும். ஒத்துவராவிட்டால் விசாரணைக்குத் திகதி கேட்கலாம்.

விசாரணைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. அதிகாரி இரக்கப்பட்டு 35ஐ 15ஆக எழுதித் தந்திருந்தால், முன்னறிவித்தல் தந்துவிட்டு விசாரணையில் அதை மீண்டும் 35ஆக உயர்த்திக் கேட்க அரசதரப்பு வழக்குரைஞருக்கு வழி உண்டு. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அதை அனுமதித்திருக்கிறது. தோற்றால் தண்ட வீதமும் கூடும்: கிலோமீற்றருக்கு 2.50 என்பது 3 ஆகும், 3.75 என்பது 4.50 ஆகும், 6 என்பது 7 ஆகும். எங்கள் கணிப்பில், சுத்தமான பதிவும் 15 என்று குறைத்து எழுதிய டிக்கெட்டும் இருந்தால் விசாரணை தேவையில்லை. ஏற்கெனவே ஒன்றிரண்டு குற்றத்தீர்ப்பு இருந்தாலோ, ஜி2 என்றாலோ, எழுதியது 30க்கு மேல் என்றாலோ, கட்டாயம் எதிர்க்க வேண்டும்.

விசாரணைக்குத் தயாராவது

விண்ணப்பத்திலேயே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்வி இருக்கும். ஆங்கிலம் ஓரளவு பேசுவீர்கள் என்றாலும் தமிழ் என்று எழுதுங்கள், செலவு உங்களுக்கில்லை. சாட்சி சொல்லும்போது தடுமாறினால் அதற்கு மருந்து கிடையாது.

அடுத்து, அரசதரப்பின் சான்றுகளை எழுத்தில் கேளுங்கள்: அதிகாரியின் குறிப்புகள், டிக்கெட்டின் இரு பக்கமும், கருவியின் பெயரும் கைநூலில் பரிசோதனை பற்றிய பக்கமும், காணொளி இருந்தால் அதுவும். கேட்ட திகதியைக் காட்டும் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அன்று பணி தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் கருவியைக் கைநூல்படி பரிசோதித்ததாக நேரத்தோடு குறிப்பு இருக்கிறதா என்பது. இல்லையென்றால் உங்கள் கேள்வி அங்கே தொடங்குகிறது.

"பக்கத்துக் காரை அளந்துவிட்டார்கள்" என்ற வாதம் கருவியைப் பொறுத்தது. ரேடார் அலை விரிந்து போகும், நெரிசலில் எந்த வாகனம் என்பது நியாயமான கேள்வி. லேசர் அப்படியல்ல. 300 மீற்றர் தூரத்தில் அதன் கற்றை ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம்தான், அதிகாரி அதை உங்கள் நம்பர் பிளேட்டில் குறிவைத்திருப்பார்.

எடுபடாதவற்றையும் சொல்ல வேண்டும். "எல்லோரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்", "எல்லை தெரியாது", "ஸ்பீடோமீற்றர் பிழை" எதுவும் வாதமாகாது. ஒன்ராறியோவில் வேகக் குற்றத்துக்கு நோக்கம் பார்ப்பதில்லை, வேகம் நிரூபிக்கப்பட்டால் முடிந்தது. "பொலிஸ் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி" என்பதும் நிச்சயமில்லை, ஒத்திவைப்புக் கேட்பார்கள்.

பெயர்ப் பிழை வாதம் நம் சமூகத்தில் தீராத நோய். நீளமான தமிழ்ப் பெயர் டிக்கெட்டில் சரியாக விழுவதே அபூர்வம். ஒரு எழுத்து மாறியதற்கோ காரின் நிறம் தவறியதற்கோ வழக்கு விழாது, நீதவான் அங்கேயே திருத்திக்கொள்வார். திகதியோ அதிகாரியின் கையெழுத்தோ இல்லை என்பது வேறு விடயம். ஆனால் அதைக் காட்ட நீதிமன்றம் போனால் திருத்திவிடலாம், டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல் விட்டால்தான் நீதவான் டிக்கெட்டையே தள்ள வாய்ப்பு. அவர் கவனிக்காமல் விட்டால் குற்றத்தீர்ப்பு உங்கள் பெயரில். பராலீகல் ஒருவரிடம் காட்டாமல் அந்தச் சூதை ஆட வேண்டாம்.

பராலீகலை அமர்த்துமுன், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தில் விசாரணையும் அடங்குமா, "வெற்றி" என்று அவர் சொல்வது தள்ளுபடியா வெறும் குறைப்பா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் வெற்றிகளில் பல, நீங்களே சந்திப்பில் கேட்டு வாங்கியிருக்கக்கூடிய குறைப்புகள்.

தீர்ப்புக்குப் பிறகு

தண்டம் கட்ட அவகாசம் கேட்கலாம், நீதவான் வழக்கமாகத் தருவார். கட்டாமல் விட்டால் லைசன்ஸ் நிறுத்தப்படும். அந்த நிலையில் ஓட்டிப் பிடிபடுவது வேகக் குற்றத்தைவிடப் பல மடங்கு கனமானது. மேன்முறையீட்டுக்கு 30 நாள். வீடு மாறியதால் கடிதம் வராமல், உங்களுக்குத் தெரியாமலே குற்றத்தீர்ப்பு வந்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்ச் சத்தியக்கடதாசி கொடுத்து வழக்கை மீளத் திறக்கக் கேட்கலாம். கியூபெக்கில் வாங்கிய டிக்கெட்டையும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒன்ராறியோவுக்கும் மற்ற மாகாணங்களுக்கும் நியூயோர்க், மிச்சிகன் மாநிலங்களுக்கும் உடன்படிக்கை உண்டு, மொன்றியல் கலியாணத்துக்குப் போய் வாங்கிய புள்ளி இங்கேயும் ஏறும்.