ரேஷன் பருப்பில் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை

கையில் காசு குறைந்தால் வயிறு நிறைவதுதான் முதல் கவலை. தட்டில் சோறு குவியும், குழம்பு தண்ணீராகும், பிள்ளை அழுதால் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். இதில் அம்மாக்களைக் குறை சொல்லவே கூடாது. நாள் முழுக்க கூலி வேலை பார்த்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புபவருக்கு அடுப்பு பற்ற வைக்கவே தெம்பு இருக்காது.

அப்படிப்பட்ட நாளுக்கும் ஒத்துவரும் வழி இது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். வெளிக்கடை விலையோடு பார்த்தால் பெரிய மிச்சம், எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள். பருப்பு வெந்ததும், இறக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, உருவிய முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி போடுங்கள். பக்கத்தில் மரம் இருந்தால் கீரைக்குச் செலவே இல்லை. இறக்கியபின் அரை எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். டீ அந்தச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும்.

அப்புறம் சிப்ஸுக்குப் பதில் வேர்க்கடலை. 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. மொத்தமாக வறுத்து டப்பாவில் வைத்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். வெல்லம் சேர்த்துப் பொடித்துக் கொடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் மத்தி மீன் மலிவாக வரும் நாட்களில் யோசிக்காமல் வாங்கலாம்.