முதுகுத்தண்டு ஆபரேஷனும் வான்கோமைசின் பவுடரும்: எங்கே தவறுகிறோம்?

ஸ்க்ரூ, ராடு எல்லாம் பொருத்தி முடித்துத் தையல் போடப் போகும் நேரம். காயத்தில் தொற்று வராமல் இருக்க, நர்ஸ் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் குப்பியைத் திறந்து 1 கிராம் வெள்ளைப் பவுடரைக் கிருமிநீக்கிய கிண்ணத்தில் கொட்டுவார். குப்பியின் வெளிப்புறம் கிருமி நீக்கியதல்ல. அதனால் அது ஆபரேஷன் மேஜைக்கு வராது. சர்ஜன் அந்தப் பவுடரைத் தசை மேல் கோலமாவு போலத் தூவுவார். நசுங்கிக் கிடக்கும் தசைக்கு ரத்தம் வழியாக மருந்து சரியாகப் போய்ச் சேராது, நேரே போட்டால் அங்கேயே நிறைய நிற்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். தப்பு நடப்பது அதற்கு முன்னும் பின்னும்.

முதல் தப்பு, “பவுடர்தான் போடுகிறோமே” என்று நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஊசியில் அசட்டையாக இருப்பது. அந்த ஊசி செஃபசோலின் என்றால் கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் ஏறியிருக்க வேண்டும். ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி ஒரு டோஸ். கூனல் நிமிர்த்தும் நீண்ட ஆபரேஷன்களில், எல்லார் கண்ணும் எலும்பின் மேல் இருக்கும்போது, இந்த இரண்டாவது டோஸ்தான் மறந்துபோகும்.

அடுத்தது, பவுடர் போட்டால் தொற்றே வராது என்ற நம்பிக்கை. அமெரிக்காவிலிருந்து 2011 வாக்கில் வந்த நல்ல செய்திகளில் பல, பவுடர் வருவதற்கு முந்தைய நோயாளிகளையும் பிந்தைய நோயாளிகளையும் ஒப்பிட்டவை. பவுடர் வந்த காலத்தில் தியேட்டரில் வேறு என்னென்ன மாறியதோ! கோவை கங்கா மருத்துவமனையில் 907 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. ஊசி மட்டும் பெற்ற 474 பேரில் 8 பேருக்குத் தொற்று. பவுடரும் சேர்த்துப் பெற்ற 433 பேரில் 7 பேருக்கு. 1.68 சதவீதம், 1.61 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். தொற்று ஏற்கெனவே குறைவாக உள்ள இடத்தில் பவுடருக்குப் பெரிதாக வேலையில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். கட்டுப்படாத சர்க்கரை, நீளமான இம்ப்ளான்ட் (உள்ளே பொருத்தும் ஸ்க்ரூ, ராடு) என்று ஆபத்து கூடியவர்களுக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வான்கோமைசின் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளைக் கொல்லும். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற வேறு வகைக் கிருமிகளை ஒன்றும் செய்யாது. இடுப்புக்குக் கீழே இறங்கும் காயத்தில், அதுவும் மலம், சிறுநீர் கட்டுப்படாதவரிடம், வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம். அங்கே கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவின் வேலை பவுடரைவிடப் பெரிது.

தண்டுவட உறை கிழிந்திருந்தால் அதன் மேல் தூவக்கூடாது. காயத்தில் நேரே போடும் மருந்தெல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைக்க வேண்டாம்: காயம் கழுவப் பயன்பட்ட பேசிட்ராசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் ஊசிமருந்தை, சிறுநீரகப் பாதிப்புக்காகவும் கடும் அலர்ஜிக்காகவும் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் கேட்டதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு நடப்பது வேறு கதை. சிலருக்கு மூன்றாவது வாரம் தையல் ஓரம் ஈரம் கசியும். குறைந்திருந்த முதுகுவலி திரும்பக் கூடும். உடனே மெடிக்கலில் ஆன்டிபயாடிக் பவுடர் வாங்கி மேலே தூவுவார்கள். கூடவே ஐந்து நாள் மாத்திரை. தோல் காய்ந்துவிடும், இம்ப்ளான்ட் பக்கத்தில் சீழ் அப்படியே இருக்கும். பிறகு கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால் எந்தக் கிருமியும் வளராமல் போகலாம், எந்த மருந்து கொடுப்பது என்றே தெரியாமல் போகும். கசிந்தால் எதையும் தூவாதீர்கள், எதையும் விழுங்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, ஆபரேஷன் செய்த இடத்துக்கு அன்றே போங்கள்.